நான் வடக்கே திருப்பி வரைந்த படகு

இந்தப் பதிவை மூன்று மாதம் தள்ளிப் போட்டுவிட்டேன். படத்தில் வெள்ளை தடிப்பாக இருக்கும் இடம் காய்ந்த பிறகு எழுதலாம் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன கிழமை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது. இனிச் சாட்டு இல்லை.

சென்ற ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் வந்த ஆறு நாட்களில் மூன்று நாள், சுவிஸில் சுக் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் வால்க்வில் ஊருக்கு எண்ணெய் வண்ணப் பெட்டியோடு போய்வந்தேன். இலையுதிர்காலத்தில் ஏரிக்கரையில் இருந்து வரைய ஆசைப்படுகிற பலர், எங்கே போகலாம், என்ன செலவாகும் என்று கேட்டு எழுதுகிறீர்கள். நேரம், தூரம், செலவு எல்லாம் தருகிறேன். ஆனால் மூன்றாவது தடவை அங்கே நடந்ததை விட்டுவிட்டு வழியை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விரத நாளில் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். இந்த முறை உபவாசத்தோடு மௌனமும் பிடித்திருந்தேன். பேர்னில் இருக்கும் என் மகளுக்கு இரண்டு தரம் கரு தங்காமல் போனது. மூன்றாம் தரம், அப்போது நாலாம் மாதம். ஆறு நாளும் ஒரு சொல்லும் பேசமாட்டேன், இந்தப் பிள்ளையைத் தங்க வைத்துத் தா என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். அடுக்குமாடி வீட்டில் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. தொலைபேசி அடிக்கும், வாசல்மணி அடிக்கும், உடுப்புத் தோய்க்கும் அறையில் கீழ்வீட்டுக்காரி மறிப்பாள். ஏரிக்கரையில் தூரிகையோடு இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

உணவகச் சமையலறையில் வேலை செய்யும் என் கணவர் விரதம் தொடங்கிய அன்றே சொல்லிவிட்டார்: “இஞ்சரும், ஆறு நாள் காணுமோ? முருகனிட்டக் கேட்டு ஒரு பன்னிரண்டு நாளாக்க ஏலாதோ?” பதில் சொல்ல முடியாதவளிடம் பகிடி விடுவதில் அவருக்குத் தனி இன்பம்.

வழி இதுதான். நாங்கள் இருக்கும் ஓர்லிகோனில் இருந்து சுக் நகர் வரைக்கும் நேரான எஸ்-பான் ரயில் இருக்கிறது, சூரிச்சில் இறங்கி மாறத் தேவையில்லை. நான் 7.12க்கு ஏறினேன். சுக்கில் இறங்கி, தெற்கே போகும் சிறிய ரயிலில் இன்னும் பதின்மூன்று நிமிடம். அதில் வலது பக்கம் இருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான். 8.31க்கு வால்க்வில். பாதிக்கட்டண அட்டையோடு போகவர 22 பிராங் 40. நேரங்கள் மாறும், புறப்படுமுன் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் இருந்து கரைக்கு நானூறு மீட்டர், எல்லாம் இறக்கம். போகும்போது ஆறு நிமிடம் எடுத்தது. திரும்பும்போது ஆறரைக் கிலோ பெட்டியோடும் என் முழங்காலோடும் பதினைந்து நிமிடம் எடுத்தது.

பெட்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பழைய பொருட்கடையில் பதினைந்து பிராங்குக்கு வாங்கிய கமெராத் தாங்கி, அதன் மேல் என் கணவர் அறைந்து தந்த மரப்பெட்டி. ஈரமான படத்தை ரயிலில் கொண்டுவர நான் பாவிப்பது பீட்ஸாப் பெட்டி. இருபத்துநாலுக்கு முப்பது சென்ரிமீற்றர் பலகை அதற்குள் அளவெடுத்தது போல இருக்கும். நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் மூடி வண்ணத்தில் முட்டாது. அதை மடியில் வைத்துக்கொண்டு விரதக்காரி வருவதைப் பார்த்து எதிரில் இருப்பவர்கள் பசியெடுத்துப் பார்ப்பார்கள், அதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

வெறும் வெள்ளைப் பலகையில் தொடங்காதீர்கள். முதல்நாளே மண்சிவப்பை மெல்லிதாகத் தேய்த்துக் காயவிடுங்கள். அந்தக் காவி அடித்தளம் இடையிடையே எட்டிப் பார்த்தால்தான் இலையுதிர்கால மஞ்சள் சூடாகத் தெரியும். கடையில் விற்கும் கறுப்பில் ஒரு வகை எலும்பைச் சுட்டுச் செய்வது. விரத நாளில் அதை நான் தொடமாட்டேன். கடுநீலமும் மண்சிவப்பும் கலந்தால் அதைவிட நல்ல கறுப்பு வரும். பன்றிமயிர்த் தூரிகையும் வேண்டாம், செயற்கை நாரே போதும். இவ்வளவு சுத்தபத்தம் பார்த்தவள் விட்ட பிழையைத்தான் கீழே எழுதப்போகிறேன்.

முதல் தடவை போனது விரதத்தின் இரண்டாம் நாள். இறந்தவர்களை நினைக்கும் நாள் அந்தக் கிழமைதான் கழிந்திருந்தது. தேவாலயத்துக்குப் பக்கத்து மயானத்தில் ஒவ்வொரு கல்லறைக்கும் சிவப்புக் குவளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. கல்லறைகள் தெரியவில்லை. பனிப்புகார் அவ்வளவு தடிப்பு. விளக்குகள் மட்டும் முழங்கால் உயரத்தில், எதிலும் தொடாமல், வரிசையாக நின்றன. நான் நெற்றியில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

கரைக்கு வந்தால் ஏரி இல்லை. புல் இருந்தது, புல்லில் இருந்து நீட்டிய மர இறங்குதுறை இருந்தது, அது இருபது அடி போய் வெள்ளைக்குள் முடிந்தது. துறையின் இடப்பக்கம் ஒரு பெரிய மரம், உச்சியில் இருந்து அடி வரை மஞ்சள். காற்றே இல்லை. இலைகள் ஒவ்வொன்றாக நேராக இறங்கின, ஒவ்வொன்றும் தரையில் படும் சத்தம் கேட்டது. பின்னால் மேட்டில் ரயில் போனது. அதுவும் சத்தம் மட்டும்தான். எங்கேயோ உயரத்தில் மாட்டுமணி. பேசாமல் இருந்தால் காது எவ்வளவு கூராகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். இரண்டு மணிநேரம் நான் வரைந்தது ஒரு மரமும் பாதித் துறையும் மிச்சம் வெள்ளையும்.

ஒன்பது மணி கடந்து துறைக்கு அப்பால் ஒரு சத்தம் தொடங்கியது. மரம் மரத்தில் தட்டும் சத்தம். ஒரு தட்டு, பிறகு நாலு மூச்சு நேரம், பிறகு இன்னொரு தட்டு. யாரோ துடுப்புப் போடுகிறார்கள் என்று விளங்கப் பல நிமிடம் எடுத்தது. சத்தம் இடப்பக்கமாகப் போய்த் தேய்ந்தது. பத்தேகாலுக்குத் திரும்பி வந்தது. ஆளைக் காணவில்லை.

கரையோரத்தில் ஒரு சிறிய விடுதி இருக்கிறது. அதன் பின்கதவால் சிகரெட்டோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு என் நெற்றியில் திருநீற்றைக் கண்டு முகம் மலர்ந்தார்.

“பிள்ளை தமிழோ?”

தலையை ஆட்டினேன்.

“பின்னை ஏன் கதைக்கிறியள் இல்லை? என்னோடை கோவமோ? நான் இப்பதானே வந்தனான்.”

நான் வாயில் விரலை வைத்து, வேல் போலக் கையைக் காட்டினேன்.

“ஓ! சஷ்டி விரதம். மௌனமும் பிடிச்சிருக்கிறியளோ?” அவர் சிகரெட்டை அணைத்துவிட்டார். “இதை என்ரை மனிசிக்கு ஒருக்காச் சொல்லவேணும். சரி, சுடுதண்ணி குடிக்கலாம் தானே? வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ. சொல்லமாட்டியள். அப்ப கொண்டுவாறன்.”

அந்த விடுதியில் பதினெட்டு வருடமாகச் சமைக்கும் தயாளன் அண்ணை அவர். சுடுதண்ணிக்கு மூன்று நாளும் ஒரு சதமும் வாங்கவில்லை.

அடுத்த நாளும் போனேன். வெளியில் வரைபவர்கள் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போகவேண்டும், ஒளி அப்போதுதான் ஒத்துவரும். அன்று பனிப்புகார் கொஞ்சம் மெல்லிது. 9.10க்குப் படகைக் கண்டேன். பச்சை மழைக்கோட்டுப் போட்ட வயதான ஒருவர் துறையில் இருந்து தனியே துடுப்புப் போட்டுப் போனார். துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தானே இருப்பார். முகம் என்னைப் பார்த்தபடி இருக்க, உடம்பு மட்டும் பின்பக்கமாக வெள்ளைக்குள் இழுபட்டுப் போனது. கடைசியாக மறைந்தது முகம். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் தெற்கு. அவர் போனது இடப்பக்கம்.

“அது வேர்னர்,” என்றார் சுடுதண்ணியோடு வந்த தயாளன் அண்ணை. “எண்பத்தொரு வயது. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் தூண்டில் போட்டிட்டு வருவார். மீன் பிடிச்சதை நான் காணேல்லை. அது கிடக்கட்டும், பிள்ளை, உங்களாலை எனக்குத்தான் கரைச்சல். நேற்று இரண்டு சனம் வந்து கேக்குதுகள், கரையில வெள்ளைப் போர்வை போட்ட மனிசி ஒண்டு இருக்கு, வணக்கம் சொன்னால் பாக்குது, பதில் இல்லை, அது ஆளோ எண்டு.”

நான் குளிருக்குப் போர்த்திய வெள்ளைப் போர்வைக்குள் தோளைக் குலுக்கினேன்.

“ஆள்தான், சுடுதண்ணி குடிக்குது எண்டு சொல்லிவிட்டனான்.”

சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மாலை அந்த மயானத்தைக் கடந்து ஏறும்போது, எதிரே வந்த ஒரு பெண் தன் நாயின் வாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வீதியின் மற்றப் பக்கம் போனாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

நாலாம் நாள் வீட்டில் இருந்தேன். ஐந்தாம் நாள் திரும்பப் போனேன். வெறும் பாலிலும் பழத்திலும் ஐந்து நாள் போனால் உடம்பு காற்றுப் போல ஆகிவிடும், குளிர் நேரே எலும்புக்குப் போகும். வெப்பநிலை நாலு பாகை. 8.50க்குத் தூரிகை எடுத்தேன், பலகையின் பின்னால் அந்த நேரத்தை எழுதினேன். 9.10க்கு வேர்னர் துறைக்கு வந்தார், என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார், நான் கைகூப்பினேன். படகு இடப்பக்கம் போனது. இந்த முறை படகும் வேண்டும் என்று நினைத்து, மண்சிவப்பைத் தண்ணீர் போல இளக்கி, அவர் மறையுமுன் நாலு கோட்டில் படகைப் பிடித்துவிட்டேன்.

பிறகு வண்ணம் பூசும்போது ஒரு சங்கடம். நான் விரதம் இருப்பது பிறக்கவேண்டிய ஒரு பிள்ளைக்காக. அந்தப் படத்தில் ஒரு கிழவர் தனியாகத் தெற்கே, யமன் திசையில், ஒன்றும் இல்லாத வெள்ளைக்குள் போகிறார். இதை வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது? வீட்டில் தெற்கே தலைவைத்துப் படுக்காத ஆட்கள் நாங்கள். அதிகம் யோசிக்கவும் இல்லை, கை தானாகத் திருப்பியது. படகின் முன்முனையை வலது பக்கம், வடக்கே, வைத்துப் பூசினேன். துறையின் வலப்பக்கத்தில் வெறுமையாக இருந்த இடமும் நிரம்பியது. படமும் நன்றாக வந்தது. முருகா, அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் பிறகு புகார் இறங்கியது. முதலில் துறையின் நுனி போனது, பிறகு துறை, பிறகு மரத்தின் உச்சி. கடைசியில் தாங்கியில் இருந்த என் படத்தில் மட்டும்தான் ஏரி இருந்தது. தேவாலயத்தில் பத்து மணி அடித்தது. பத்தேகாலுக்குத் துடுப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். வரவில்லை. பத்தரை. வரவில்லை.

10.50க்கு மேட்டுப் பாதையால் ஒரு வயதான பெண் வேகமாக இறங்கி வந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். வேர்னரின் மனைவி ரூத் அவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

“என் கணவரைக் கண்டீர்களா? படகில் போனவர். எந்தப் பக்கம் போனார்?”

சுவிஸ் ஜேர்மன் எனக்கு ஓரளவு விளங்கும். கைகூப்பி, வாயில் விரல் வைத்தேன். அவர் முகத்தில் வந்த பயம் என்னை உலுக்கியது. அந்த வெள்ளைப் போர்வைக்காரி நான்தான் என்று கண்டுகொண்டார் போல, ஒரு அடி பின்னால் வைத்தார். சத்தம் கேட்டுத் தயாளன் அண்ணை ஏப்ரனோடு ஓடி வந்து, இவர் சமய விரதத்தில் இருக்கிறார், பேசமாட்டார் என்று விளங்கப்படுத்தினார்.

அப்போது ரூத் என் படத்தைக் கண்டார். “இது வேர்னர்! பச்சைக் கோட்டு! இந்தப் பக்கமா போனார்?” என்று விரலால் வலப்பக்கம் காட்டினார்.

நான் தூரிகையின் கட்டையால் படகைத் தொட்டேன். தலையை ஆட்டினேன்.

இதை எழுதும்போதும் அந்தத் தலையாட்டல் என் கழுத்தில் இருக்கிறது. பொய் சொல்லவேண்டும் என்று ஆட்டவில்லை. ஒன்றரை மணிநேரம் அந்தப் படகை வலப்பக்கம் பார்த்தபடி தீட்டிய கண்ணுக்கு, அவர் வலப்பக்கம் போனதுதான் ஞாபகம். படம் என் ஞாபகத்தின் மேல் காய்ந்துவிட்டது.

ரூத் அயல்வீட்டுக்காரருக்குத் தொலைபேசி அடித்தார். அவரிடம் மோட்டார்ப் படகு இருந்தது. பதினொரு மணிக்கு அது பக்கத்துத் துறையில் இருந்து புறப்பட்டு வடக்கே போனது. இயந்திரச் சத்தம் தேய்ந்தது. ரூத்தும் தயாளன் அண்ணையும் துறையின் நுனிக்குப் போனார்கள், என் கண்ணுக்கு மறைந்தார்கள். “வேர்னர்... வேர்னர்...” என்று ரூத்தின் குரல் மட்டும் வந்தது. மெல்லிய குரல். புகார் அதைப் பஞ்சு போலக் குடித்தது. வேர்னரின் இருதய மாத்திரையும் கைபேசியும் சமையலறை மேசையில் கிடக்கின்றன என்று அவர் அழுவது கேட்டது.

சும்மா நிற்க முடியாமல், வழக்கம் போலத் தூரிகையை எடுத்துப் படகின் அடியில் நிழலைச் சரிசெய்யக் குனிந்தேன். படகின் இடப்பக்கத்தில், பச்சையும் சாம்பலும் படாமல் விட்ட இடத்தில், காவி அடித்தளத்தைவிடக் கடுமையாக ஒரு சிறிய மண்சிவப்புக் கோடு. நான் முதலில் பிடித்த முன்முனை. அது தெற்கே பார்த்திருந்தது.

நேரம் 11.15. எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்த்தேன்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காட்டியிருக்கலாம். பென்சில் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே கிடந்தது. எடுக்க அரை நிமிடம் போயிருக்கும். அந்த அரை நிமிடத்தை அதற்குப் பிறகு எத்தனையோ இரவு நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் மகளின் முகம் வந்தது. வராமல் இல்லை. அது வந்தபோதே வாய் திறந்துவிட்டது.

“தெற்கு! அண்ணை, தெற்குப் பக்கம்! நான் பிழையாக் காட்டிப்போட்டன்!”

ஐந்து நாள் பாவிக்காத குரல். யாரோ வேறு ஒருத்தி என் பின்னால் நின்று கத்தியது போல இருந்தது.

புகாருக்குள் இருந்து தயாளன் அண்ணை ஓடி வந்தார். “பிள்ளை கதைச்சிட்டியள்!” என்றார். முதலில் அதைத்தான் சொன்னார். பிறகு, “தெற்கோ? வடிவாத் தெரியுமோ?”

“என்ரை கண்ணாலை கண்டனான். படத்தில நான்தான் திருப்பினது.”

“ஏன் திருப்பினியள்?”

“யமன் திசை எண்டு.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “எங்கடை ஆக்கள்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ரூத்திடம் ஓடினார்.

முதல் அழைப்புக்கு அயல்வீட்டுக்காரர் எடுக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது. இரண்டாவதுக்கு எடுத்தார். அவர் திரும்பி வருவதற்குள் நான் வண்ணக்கத்தியால் அந்தப் படகை ஒரே இழுப்பில் சுரண்டி எறிந்தேன். துறையின் நுனிக்குப் போய் ரூத்துக்குப் பக்கத்தில் நின்றேன். மௌனம் போய்விட்டது, இனி எதற்கு மிச்சம் பிடிப்பது? வேர்னரின் பேரைச் சொல்லிக் கத்தப் பார்த்தேன். என் வாயில் அது எடுபடவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த, அடிவயிற்றில் இருந்து வரும் ஒரே சொல்லைத் தெற்கே பார்த்து விட்டேன்.

“அரோகரா!”

அட்லிஸ்வில் முருகன் கோயிலில் தேர் இழுக்கும்போது போடும் குரல். ரூத் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார், பிறகு விடவில்லை. “அரோகரா!” தயாளன் அண்ணையும் சேர்ந்துகொண்டார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. துறைக் கட்டைகளுக்கு அடியில் இருந்து ஒரு அன்னம் சத்தமில்லாமல் வெளியே வந்து, எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, தெற்கே நீந்திப் புகாருக்குள் போனது.

மோட்டார்ப் படகு எங்களைத் தாண்டித் தெற்கே போனது. கொஞ்சத் தூரத்தில் அயல்வீட்டுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் கத்தினோம், நிறுத்தினோம். அந்த இடைவெளியில், மிகத் தூரத்தில், ஒரு மரம் மரத்தில் தட்டியது. மூன்று தட்டு.

11.50க்கு வேர்னரைக் கொண்டுவந்தார்கள். ஒரு துடுப்புத் தண்ணீரில் போய்விட்டது. மற்றதை வைத்து ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். கையில் உணர்ச்சி இல்லை, உதடு என் கடுநீலத்தின் நிறம். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று மருத்துவ வண்டியில் வந்த பெண் சொல்லத் தொடங்கி, ரூத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விடுதிச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் போர்வைக்குள் இருந்தபடி வேர்னர் என்னைத் தேடினார். குளிரில் குழறிய அவர் பேச்சு எனக்கு விளங்கவில்லை, தயாளன் அண்ணை இடையில் நின்று சொன்னார்: “உங்களுக்கு நன்றியாம். நீங்கள் கூப்பிட்டபடியால்தான் நித்திரையாப் போகாமல் இருந்தவராம்.”

நான் கைகூப்பினேன். வேர்னர் திரும்ப ஏதோ சொன்னார். தயாளன் அண்ணை அவரிடம் இரண்டாம் தரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தேவாலயத்தில பத்து மணி அடிக்கேக்கை துடுப்பு விழுந்ததாம். அப்ப இருந்து நீங்கள் கூப்பிட்டனீங்களாம். ஒரு பொம்பிளைக் குரலாம். முதல் கிட்டக் கேட்டதாம், பிறகு தூரப் போனதாம், பிறகும் கிட்ட வந்ததாம். நான் பதில் குடுத்துக்கொண்டே இருந்தன், ஏன் வரேல்லை எண்டு கேக்கிறார்.”

“பத்து மணிக்கோ?”

“பத்து மணிக்காம். பிள்ளை, நீங்கள் வாயைத் திறந்தது பதினொண்டேகாலுக்கெல்லோ?”

குளிரில் மனம் குழம்பியிருக்கும் என்றார் ரூத். மருத்துவ வண்டிப் பெண்ணும் அப்படித்தான் சொன்னார். இருக்கலாம். பத்து மணிக்கு ரூத் வீட்டில் இருந்தார், கரையில் நான் மட்டும்தான் இருந்தேன், என் வாய் பூட்டியிருந்தது. வேர்னர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கேட்ட சொல்லைத் தானே சொல்லிக் காட்டினார். அவருடைய நாக்கில் அது உடைந்து, மூச்சு மூச்சாக வந்தது. ஆனால் அந்தச் சொல்தான்.

வண்டியில் ஏற்றியபோது என் விரல்களைத் தொட்டார். பச்சை வண்ணம் அவர் கையில் ஒட்டிக்கொண்டது.

அன்று மிச்ச நேரமும் அடுத்த நாளும் நான் பேசவில்லை. முறிந்ததை ஒட்டமுடியாது என்று தெரியும், ஆனாலும் இருந்தேன். ஆறாம் நாள் அட்லிஸ்வில் கோயிலில் சூரன்போர் முடிந்து, வெளியில் சப்பாத்துப் போடும்போதுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சப்பாத்தோடு நின்று கேட்டார்.

“முருகன்ரை பேரைத்தானே சொன்னனீர்?”

“அதுக்கு முதல் தெற்கு எண்டு சொன்னனான். பிறகு அண்ணையோடை நாலு வசனம் கதைச்சனான்.”

“வழி சொன்னது கதைச்சதில்லை,” என்றார். மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, “நேர்த்தி பிள்ளை உயிருக்கெண்டால், அவன் கிழவன்ரை உயிரைக் கழிச்சோ தருவான்?” என்றார். ஆறு நாளில் அவர் பகிடி இல்லாமல் பேசியது அதுதான்.

இனி நடைமுறை விஷயங்கள். வால்க்வில் கரைக்கு ஐப்பசிக் கடைசியும் கார்த்திகை முதலும்தான் நல்ல காலம். மரங்கள் அப்போதுதான் முழு மஞ்சள். புகார் இல்லாத நாளில் மத்தியானத்துக்குப் பிறகு போங்கள், ஒளி ஏரியின் மறுகரையில் இருந்து நேரே வரும். புகார் நாளில் வெள்ளை வண்ணம் இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். நான் மூன்று நாளில் ஒரு பெரிய குழாய் முடித்தேன், அது 14 பிராங் 90. வண்ணம் இளக்க டேர்பன்டைன் வேண்டாம், ரயிலில் மணக்கும். ஆளிவிதை எண்ணெய் சின்னப் போத்தலில் போதும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் பையில் வைக்காதீர்கள், தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள். மூன்று நாள் மொத்தச் செலவு, ரயிலும் பலகையும் வண்ணமும் சேர்த்து 95 பிராங் 60. விரதம் இல்லாதவர்கள் சாப்பாட்டுக்கு இன்னும் இருபத்தைந்து வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலைச் சட்டைப்பையில் வையுங்கள்.

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். குழந்தை நன்றாக உதைக்கிறதாம். மௌனம் முறிந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை, இதை வாசித்துத்தான் அவள் அறியப்போகிறாள். வாசித்ததும் எடுத்துப் பேசு, பிள்ளை. எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன்.

படம் இப்போது எங்கள் சமையலறையில் இருக்கிறது. படகைச் சுரண்டிய இடத்தில் காவி அடித்தளமும் கொஞ்சம் பச்சையும் இழுபட்டு, புகாருக்குள் ஏதோ நிற்பது போல ஒரு தடம். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். திருத்தச் சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை.

பலகைகளின் பின்னால் நான் எப்போதும் இரண்டு வரிதான் எழுதுவேன். தொடங்கிய, முடித்த நேரம் ஒரு வரி, வானிலையும் நிறங்களும் மற்ற வரி. இப்போது மூன்றாவது ஒன்று சேர்த்திருக்கிறேன்: கண்டதில் எதை மாற்றினேன் என்று. வெளியில் இருந்து வரைகிற எல்லோரும் இதை எழுதுங்கள். மரத்தை நகர்த்துவோம், வேலியை அழிப்போம், அது எங்கள் உரிமை. ஆனால் எங்காவது எழுதி வையுங்கள்.

இந்தப் பலகையின் பின்னால் இப்படி இருக்கிறது: “மாற்றியது, படகு. கண்டது தெற்கு, வரைந்தது வடக்கு. வாய் திறந்தது 11.15.” அதற்குக் கீழே பென்சிலால் 10.00 என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.